கட்டி வச்ச கைப்பிடி

வாங்க, உள்ள வாங்க. அந்தப் பேப்பர் கட்டு மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. அம்மா, நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இங்க நாற்காலி எல்லாம் இல்லீங்க. பழைய பேப்பர் குடோனுக்கு யாருங்க நாற்காலி வாங்கிப் போடறாங்க. போன வருசம் வரைக்கும் எனக்கு உள்ள, மெஷினுக்குப் பக்கத்துல தனி மேசை, தனி நாற்காலி, தலைக்கு மேல ஃபேன். எல்லாம் போச்சு. ஏன் போச்சுன்னு சொன்னாலே நீங்க கேக்க வந்ததுக்குப் பதில் கெடச்சுரும்.

கோகிலவாணியப் பத்தித்தானே கேக்க வந்திருக்கீங்க. கேட்ல சொல்லி அனுப்பினாங்க, மாப்பிள்ளையோட அம்மாவும் தாய்மாமனும் வந்திருக்காங்கன்னு. நல்லதுங்க. பொண்ணு வேலை பாக்கற எடத்துல விசாரிச்சுட்டு முடிவு பண்றதுதான் முறை. கேட்டுக்காரன் தங்கமான புள்ளைன்னு சொல்லியிருப்பான். கேன்டீன் அம்மாவும் அதையேதான் சொல்லியிருக்கும். நம்பிப்போடாதீங்க. அவங்க யாரும் அவகூட ஒரு ஷிப்ட்டு நின்னு வேலை பாத்ததில்லை. நான் பாத்திருக்கேன். என்ற பேரு அர்த்தநாரி. இந்த அட்டை மில்லுல மெஷின் ஃபோர்மேனா இருந்தவன்.

எனக்கு அவ மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. என்ற வயசுக்கு அந்தப் புள்ள மேல என்ன கோவம். கல்யாண விசயம், நாளைக்கு ஒரு குடும்பம் கெட்டுப் போச்சுன்னு என்ற காதுல விழக்கூடாது. அதுக்காகத்தான் சொல்றேன்.

ஆனா மெஷினைப் பத்திக் கொஞ்சம் சொன்னாத்தான் அவளைப் பத்தி உங்களுக்குப் புரியும். இங்க பழைய பேப்பரை ஊறப்போட்டு, கூழாக்கி, ரோலருக்கு நடுவுல ஓட்டி அட்டையா எடுக்கறோம். அந்த ரோலரைச் சுத்தறது ஒரு பழைய டிசி மோட்டாருங்க. ஊட்டுல தண்ணி மோட்டாருக்குச் சுவிட்சைத் தட்டி விடறோம் பாருங்க, அந்த மாதிரி இதைத் தட்டி விட முடியாது. நின்னுட்டிருக்கற டிசி மோட்டாருக்கு எடுத்த எடுப்புல முழுக் கரண்டையும் குடுத்தா, அளவே இல்லாம இழுத்துக்கும். ஓட ஆரம்பிச்சுட்டா உள்ளயிருந்து அதுவே எதுத்துத் தள்ளும், தேவைக்கு மேல வாங்காது. நிக்கறப்ப அந்த எதுப்பு கெடையாது. விரதம் முடிச்சவனுக்கு முதல்ல கஞ்சித் தண்ணி குடுக்கறோம், அப்பறம் கஞ்சி, அப்பறந்தான் சோறு. அதே கதைதான்.

அதுக்குத்தான் செவுத்துல ஸ்டார்ட்டர்னு ஒரு பெட்டி. பித்தளைக் குமிழு வளைவா வரிசையா இருக்கும், மேல ஒரு கைப்பிடி. கைப்பிடியை முதல் குமிழுக்குக் கொண்டு வந்தா, உள்ள இருக்கற கம்பிச் சுருளெல்லாம் நடுவுல நின்னு கரண்டை மறிக்கும். மோட்டார் மெள்ள அசையும். அது வேகம் புடிக்கப் புடிக்க அடுத்த குமிழு, அதுக்கடுத்த குமிழு. அவசரப்படக் கூடாது. கடைசிக்குப் போனா ஒரு சின்னக் காந்தம் கைப்பிடியைப் புடிச்சு வச்சுக்கும். கரண்ட் போச்சுன்னா காந்தம் விட்டுரும், ஸ்ப்ரிங்கு கைப்பிடியை ஆரம்பத்துக்கே இழுத்துட்டுப் போயிரும். அப்பறம் கரண்ட் வந்தாலும் மெஷின் தன்னால ஓடாது. ஒரு ஆளு வந்து திரும்ப முதல்ல இருந்து நகத்தோணும்.

பாருங்க, எனக்குத் தெரியாததா இது. என்னமோ எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கற மாதிரி அவ எனக்குப் பாடம் எடுத்தா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தப் பக்கம் கரண்டு கண்ணைச் சிமிட்டும். போகாது, சும்மா ஒரு சிமிட்டு. அதுக்கே அந்தக் காந்தம் விட்டுரும். டக்குன்னு கைப்பிடி விழுந்துரும், மெஷின் நின்னுரும். ஈர அட்டை அறுந்து ரோலர்ல சுத்திக்கும். அதைப் பிச்செடுத்து, திரும்பக் கோத்து ஓட்டறதுக்குள்ள பாதி ஷிப்ட்டு போயிரும். மொதலாளி வந்து நிப்பாரு. ஏன் அர்த்தநாரி நிக்குதுன்னு கேப்பாரு. கரண்டு சிமிட்டுச்சுங்கன்னு நான் சொல்லிட்டே இருக்க முடியுமா.

நான் ஒரு வேலை பண்ணினேன். சைக்கிள் டியூப்பை வாரா வெட்டி, கைப்பிடியைக் கடைசிக் குமிழுலயே வச்சு, பக்கத்துப் பலகையில ஒரு ஆணி அடிச்சுக் கட்டிப்போட்டேன். முடிஞ்சுது. காந்தம் விட்டா விடட்டும், டியூப்பு விடாது. அன்னையில இருந்து மெஷின் நின்னதில்லீங்க. மொதலாளியே வந்து பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாரு. ஆயுத பூசைக்கு எல்லாருக்கும் முன்னால என்ற தோளுல கையப் போட்டு, இந்த மில்லு ஓடறது அர்த்தநாரி மூளையிலதான்னு சொன்னாரு. என்ற ஊட்டுக்காரி அன்னைக்குப் புதுச் சேலை கட்டிட்டு வந்திருந்தா. அவ மூஞ்சியப் பாக்கோணுமே.

கரண்டு முழுசாப் போனா என்ன பண்ணுவேன்னு கேக்கறீங்களா. டியூப்பை அவுத்து விட்டுருவேன். அவ்வளவுதான். ஞாபகமா அவுத்து விட்டுருவேன். பெரும்பாலும்.

அப்ப வந்தாளுங்க இவ. ஐப்பசி மழை ஊத்திட்டு இருக்கறப்ப, எலெக்ட்ரிகல் பொறுப்புக்குன்னு மொதலாளி எடுத்தாரு. பாலிடெக்னிக் படிச்ச புள்ள. மெலிஞ்ச ஒடம்பு, கண்ணாடி, தோளுல ஒரு பை. வந்த மொத நாளு, வணக்கம் சொல்லிட்டு நேரா ஸ்டார்ட்டர்கிட்டப் போயி நின்னா. கொஞ்ச நேரம் பாத்தா.

"அண்ணா, இதை யாருங்க கட்டினது?"

"நான்தான். ஏன்?"

"கைப்பிடி விழுகறது ரிப்பேர் இல்லீங்கண்ணா. அது விழுகோணும். விழுகறதுக்குத்தான் வச்சிருக்காங்க."

"விழுந்தா அட்டை அறுந்துரும். அதை நீயா கோப்பே?"

"காந்தச் சுருள் பழசாகிப் போச்சுங்க. புதுசாச் சுத்திப் போட்டா சும்மா சும்மா விழுகாது. அதுவரைக்கும் இப்படி ஓட்டக் கூடாதுங்கண்ணா."

சொல்லிட்டே பையில இருந்து கத்தரிக்கோலை எடுத்து டியூப்பை அறுத்துப்போட்டா. அண்ணா அண்ணான்னு வாயில சொல்லிக்கிட்டு, கையில அறுக்கறா. இதுதாங்க அவ. நல்லாக் கேட்டுக்குங்க. மரியாதை எல்லாம் வாயோட சரி. பெரியவங்க ஒண்ணு பண்ணி வச்சிருக்காங்களே, எதுக்குப் பண்ணினாங்கன்னு ஒரு யோசனை கெடையாது. இந்தக் குணத்தோட ஒரு மாமியாரு கீழ எப்படீங்க குப்பை கொட்டும். அம்மா, நீங்களே சொல்லுங்க.

அவ அந்தப் பக்கம் போனதும் நான் திரும்பக் கட்டினேன். அவ வந்து திரும்ப அறுத்தா. அந்த மழைக்காலம் பூரா இதே பொழப்பு. நான் கட்ட, அவ அறுக்க. சத்தம் போட மாட்டா. அதுதான் எனக்கு ஆகாது. திட்டினா திரும்பத் திட்டலாம். இவ நின்னு, மூக்குக் கண்ணாடியத் தொடச்சுட்டு, "கரண்டு போயித் திரும்பி வந்தா மெஷின் தன்னால கெளம்பிருங்கண்ணா. அப்ப ரோலர்ல யாரு கையாவது இருந்தா என்ன பண்றது"ன்னு கேப்பா. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. எனக்குச் சாபம் குடுக்கற மாதிரி இருக்கும்.

ஒருநாளு நான் கட்டி வச்சிருந்ததைப் பாத்துட்டு, மெயின் சுவிட்ச் ரூமுக்குப் போயி மொத்த மெஷினையும் நிறுத்திப்போட்டா. டியூப்பை எடுத்தாத்தான் கரண்ட் குடுப்பேன்னு வாசல்ல நின்னா. மொதலாளி வந்தாரு. அவருகிட்டயும் அதையேதான் சொன்னா. காந்தச் சுருளைப் பொங்கல் கழிச்சு மாத்தலாம், இப்ப ஆர்டர் நெருக்குதுன்னு அவரு நல்லவிதமாத்தான் சொன்னாரு. இவ அசையலை. கடைசியில அவரு, அந்த ரூம் சாவி இனி அர்த்தநாரிகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். எலெக்ட்ரிகல் பொறுப்பு அவளுக்கு, சாவி எனக்கு. அவ மூஞ்சி செவந்து போச்சு.

அதுக்கப்பறம் நான் கொஞ்சம் கண்டிசனா இருந்தேன்னு வச்சுக்குங்க. ஆளுககிட்டச் சொல்லிப்போட்டேன், மெஷின்கிட்ட அவ என்ன சொன்னாலும் யாரும் கேக்க வேண்டாம், எனக்குத்தான் பதில் சொல்லோணும்னு. அவ ஏணி புடிக்கக் கூப்பிட்டா ஒருத்தனும் போக மாட்டான். டீ வந்தா அவளுக்கு மட்டும் வராது. பேனல் ரூம்ல தனியா உக்காந்து போன்ல பேசறான்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. நான் கெளப்பலைங்க. போன் பேசற மாதிரி தெரியுதேன்னு மட்டுந்தான் நான் சொன்னேன். மத்ததெல்லாம் அவனவன் சேத்துக்கிட்டான். ஒரு பொம்பளப் புள்ள எடம் கண்டு நடந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா. ஆனா லீவு போட மாட்டா, அழுக மாட்டா. காலையில வந்து, அண்ணா வணக்கம்னு சொல்லிட்டு டியூப்பை அறுப்பா. நெம்ப அழுத்தம்.

சரி, இனி அந்த நாளுக்கு வர்றேன். கேட்ல இதைத்தான் உங்களுக்கு வேற மாதிரி சொல்லியிருப்பாங்க.

டியூப்பை அறுத்து அறுத்துப் போடறாளேன்னு, அன்னைக்குக் காலையில கட்டுக்கம்பியக் கொண்டாந்தேன். கட்டடத்துல கம்பி கட்டுவாங்களே, அதுதான். நாலு சுத்துச் சுத்தி, ஆணியில மாட்டி முறுக்கி விட்டேன். கத்தரிக்கோல வச்சுக்கிட்டு இதை அறு பாப்போம்னு மனசுக்குள்ள நெனச்சேன். அவ அன்னைக்குக் கிடங்கு பக்கம் வேலையா இருந்தா, பாக்கலை.

மத்தியானம் கரண்டு போச்சு. சிமிட்டு இல்லை, நெசமாவே போச்சு. மெஷின் நின்னுது. அட்டை அறுந்து ரோலர்ல சுத்திக்கிச்சு. நான் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனேன். கம்பிய அவுக்கோணும்னு ஞாபகம் இருந்துச்சு. டீயக் குடிச்சுட்டு வந்து அவுக்கலாம்னுதான் போனேன். முறுக்கின கம்பி பாருங்க, சட்டுன்னு அவுக்க வராது.

என்ற மச்சினன் நாச்சிமுத்து, ஊட்டுக்காரியோட கூடப் பொறந்த தம்பி, நான்தான் அவனை இந்த மில்லுல சேத்து விட்டது. அவன் ரோலருக்கு நடுவுல ரெண்டு கையையும் விட்டு ஈர அட்டையப் பிச்சு எடுத்துட்டு இருந்திருக்கான். எல்லாரும் அப்படித்தான் எடுக்கறது. இனி நான் சொல்றது அவன் சொன்னதுங்க, நான் அங்க இல்லை.

இவ உள்ள வந்திருக்கா. ஸ்டார்ட்டரைப் பாத்திருக்கா. மெஷின் நின்னிருக்கு, கைப்பிடி மட்டும் ஓடறப்ப இருக்கற எடத்துலயே இருக்கு. "அண்ணா, கையை எடுங்க"ன்னு சொல்லியிருக்கா. நாச்சிமுத்து திரும்பிப் பாத்துட்டு, நம்ம மச்சான் சொல்லியிருக்காரேன்னு, சிரிச்சுட்டுத் திரும்ப உள்ள கைய விட்டுட்டான். நான் சொன்னதை அவன் மதிச்சிருக்கான் பாருங்க. இவ திரும்பச் சத்தமாச் சொல்லியிருக்கா. சுவிட்ச் ரூமுக்கு ஓடியிருக்கா. பூட்டியிருந்துச்சு. சாவி என்ற பாக்கெட்ல.

திரும்ப ஓடியாந்து, கைப்பிடிய ரெண்டு கையிலயும் புடிச்சு, செவுத்துல ஒரு காலை ஊனிக்கிட்டு இழுத்திருக்கா. கட்டுக்கம்பிங்க அது, எப்படி அறும். கை கிழிஞ்சு ரத்தம் ஒழுகியிருக்கு. விடலை. அந்த மெலிஞ்ச ஒடம்புல எங்க இருந்து வந்துச்சோ, பலகையில இருந்து ஆணியே பேந்துக்கிட்டு வந்துருச்சு. அதே நேரத்துல கரண்டு வந்துருச்சு. கைப்பிடி குமிழை விட்டு நகரவும் கரண்டு பாயவும் ஒண்ணா இருந்தா என்ன ஆகும், குப்புன்னு நீலமா ஒரு தீ. அவ வலது கையச் சுட்டுப்போட்டுது. ரோலரு ஒரு முழங்கூடச் சுத்தலை, நின்னு போச்சு. நாச்சிமுத்து சட்டைக் கை உள்ள மாட்டி முழங்கை வரைக்கும் கிழிஞ்சுது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை.

என்னங்கம்மா, தூசியா. முந்தானைய மூக்குல வச்சுக்குங்க. புதுசா வர்றவங்களுக்கு இந்தப் பேப்பர் தூசி ஒத்துக்காது.

இப்ப ரோசனை பண்ணிப் பாருங்க. அவ அங்க வராமயே இருந்திருந்தா என்ன. நான் டீயக் குடிச்சுட்டு வந்து கம்பிய அவுத்திருப்பேன். கரண்டு அன்னைக்கு அவசரப்பட்டு வந்தது என்ற தப்பா. கைய எடுங்கண்ணான்னு சொல்றதைத் தன்மையாச் சொல்லியிருந்தா அவன் எடுத்திருப்பான். எல்லாத்துலயும் ஒரு அதிகாரம். அந்த அதிகாரத்தாலதான் கையச் சுட்டுக்கிட்டா. இன்னைக்கும் அந்த வலது கையில ரெண்டு வெரலு சரியா மடங்காது. பொண்ணு பாக்கப் போனப்ப காபித் தட்டை இடது கையில புடிச்சுட்டு வந்திருப்பா, கவனிச்சீங்களா. அதை மறைச்சிருப்பாங்க. ஓ, அவளே காட்டிட்டாளா. காட்டுவா.

அதுக்கப்பறம் பண்ணினதுதான் துரோகம். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தாரு. மொதலாளி ஆஸ்பத்திரிக்கே போயி அவகிட்ட எடுத்துச் சொன்னாரு, கால் வழுக்கி விழுந்து ஸ்டார்ட்டர்ல கை பட்டுருச்சுன்னு சொல்லிரும்மா, மில்லு உன்னைப் பாத்துக்கும்னு. சொல்ல வேண்டியதுதானே. இவ கட்டுப் போட்ட கையோட உக்காந்துக்கிட்டு, கைப்பிடியக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க, கட்டினது அர்த்தநாரி அண்ணன்னு என்ற பேரைச் சொல்லிப்போட்டா. அப்பவும் அண்ணன்.

மொதலாளி, அப்படிக் கட்டறது தனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டாரு. பெரிய மனுசன், பத்துப் பேருக்குச் சோறு போடறவரு, அவரு அப்படித்தான் சொல்லி ஆகோணும். அதுல எனக்கு வெசனமே இல்லை. ஆனா இவ அதையும் விடலைங்க. "அவருக்குத் தெரியுமுங்க, அவரு சொல்லித்தான் சாவியே இவருகிட்டப் போச்சு. இவரு ஒருத்தரு மேல மட்டும் பழியப் போட்டுட்டு வேலைய விட்டு அனுப்பாதீங்க, எல்லாருந்தான் பாத்துட்டு இருந்தாங்க"ன்னு இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லியிருக்கா. மொதலாளிய மாட்டி விடறதுக்கு என்ற பேரு ஒரு சாக்கு. கடைசியில மில்லுக்குக் கண்டனம், என்னைத் தூக்கி இந்தக் குடோன்ல போட்டாங்க. அவ மட்டும் எனக்காக அப்படிச் சொல்லாம இருந்திருந்தா என்னை வேலைய விட்டே நிறுத்தியிருப்பாங்கன்னு கேட்டுக்காரன் சொல்றான். அவன் கெடக்கறான்.

போகட்டும், ஃபோர்மேன் வேலை போனாப் போச்சு. என்ற குடும்பத்தையும் கலைச்சுப்போட்டாளுங்க. அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்ற ஊட்டுக்காரி அங்கயே போயி இருந்துக்கிட்டா. அந்தப் புள்ளைக்கு வலது கையில கட்டுங்கறதால மூணு வேளையும் என்ற ஊட்டுக்காரிதான் சோறு ஊட்டி விட்டிருக்கா. எனக்குக் காய்ச்சல்னு கெடந்தப்பக்கூட ஊட்டி விட்டதில்லைங்க. திரும்பி வந்தவ என்கிட்ட ஒத்தைப் பேச்சு பேசறதில்லை. சோத்தைப் போட்டு வச்சுட்டுப் போயிருவா. ஒருநாளு ஏண்டி இப்படி இருக்கேன்னு கேட்டேன்.

"என்ற தம்பி கையைத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். ரெண்டும் இருக்குது"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. இதுக்கு என்னங்க அர்த்தம்.

நாச்சிமுத்து படியேறி வர்றதையே விட்டுட்டான். எதுக்க வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவான். பொங்கலுக்கு அக்காளும் தம்பியும் சேந்துக்கிட்டு அந்தப் புள்ள ஊட்டுக்குச் சீர் கொண்டு போனாங்க. ஒறவா, சாதியா, என்ன முறைன்னு சீர். நான் அவன் அக்காளைக் கட்டினவன், நான் இங்க இருக்கேன். நெனைக்க நெனைக்க எனக்கு வயிறெரியுது. ஒரு வெளியாளு உள்ள பூந்து, பேச வேண்டிய ஒறவைப் பேசாமப் பண்ணிப்போட்டா. அப்பேர்ப்பட்டவ உங்க ஊட்டுக்கு வந்தா உங்க அண்ணந் தம்பியெல்லாம் ஒண்ணா இருப்பீங்களா.

இப்ப அங்க புதுக் காந்தச் சுருள் போட்டாச்சு. மொதலாளிதான் போட்டாரு, இன்ஸ்பெக்டர் சொன்னதால. சும்மா சிமிட்டினா விழுகறதில்லையாம். கரண்டு நெசமாப் போனாத்தான் விழுகுதாம். அவ சொன்ன மாதிரியேன்னு ஆளுக பேசிக்கறாங்க. எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் போறதில்லை.

அதனால நான் சொல்றது என்னன்னா, புடிவாதக்காரி. நாலு பேரு ஒண்ணு சொன்னா நான் ஒண்ணுன்னு நிக்கறவ. வாய மூடிட்டு இருக்க வேண்டிய எடத்துல மூட மாட்டா. கையில வேற ஊனம். உங்க பையனுக்கு என்ன கொறைச்சல், இதைவிட நல்ல எடமாக் கெடைக்கும். நேராப் போயி, எங்களுக்குச் சரிப்படாதுங்கன்னு மரியாதையாச் சொல்லிட்டு வந்துருங்க.

எந்திரிச்சுட்டீங்களா. டீ ஒண்ணு சொல்றேன், குடிச்சுட்டுப் போலாம். வேண்டாங்களா. சரி. அவங்க ஊட்டுக்கு இப்பவே போறீங்களா. மேக்க போனா ஆத்துப் பாலம் வரும், பாலம் தாண்டி எடது பக்கம் ரெண்டாவது சந்து, பச்சைக் கதவு.

என்னங்கம்மா கேட்டீங்க. பூக்கடையா. பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்குது, பஸ் ஸ்டாப்புக்கு எதுக்க. பழமும் அங்கயே கெடைக்கும். ஏனுங்க, வேண்டாம்னு சொல்லப் போறவங்களுக்குப் பூ எதுக்குங்க?